உற்பத்திக் காரணிகள்: உப்பளத்தை வெச்சு ஒரு கேள்வி-பதில்

ப்ளஸ் ஒன், பி.காம் முதல் வருஷம், டிஎன்பிஎஸ்சி படிக்கிறவங்கன்னு பல பேருக்கு எகனாமிக்ஸ் சொல்லிக் குடுக்கும்போது திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன். புக்குல நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்புன்னு நாலு தலைப்பு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கீழ ஏழெட்டு பாயிண்ட் இருக்கும், அதை மனப்பாடம் பண்ணிடுவாங்க, ஆனா நிஜமான தொழில் ஒண்ணைக் காட்டி இதுல எது நிலம் எது மூலதனம்னு கேட்டா முழிப்பாங்க. அதனால முடிஞ்ச வரைக்கும் எல்லா உதாரணமும் தூத்துக்குடி உப்பளத்துல இருந்தே எடுத்திருக்கேன். நாலு காரணியும் வெட்டவெளியில கண்ணு முன்னாடி தெரியுற தொழில் அது. இந்தியாவுல உப்பு உற்பத்தியில குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, தமிழ்நாட்டுக்குள்ள தூத்துக்குடிதான் பெருசு.

உப்பளமே பார்த்ததில்ல, அங்க என்னதான் நடக்குது?

சுருக்கமா சொல்றேன், பின்னாடி வர்ற பதிலுக்கெல்லாம் இது வேணும். ஒரு லிட்டர் கடல் தண்ணியில எல்லா உப்பும் சேர்த்து சுமார் 35 கிராம் இருக்கும், அதுல நாம சாப்பிடுற உப்பு 27 கிராம் கிட்ட. தூத்துக்குடி பக்கம் நிறைய அளத்துல கடல் தண்ணிக்குப் பதிலா போர் போட்டு நிலத்தடி உப்புத்தண்ணிய மோட்டார் வெச்சு இறைக்கிறாங்க. அந்தத் தண்ணிய ஒரு பாத்தியில இருந்து அடுத்த பாத்திக்குன்னு வரிசையா விட்டு வெயில்ல காயவிடுவாங்க. பாமே டிகிரின்னு தண்ணி எவ்வளவு அடர்த்தியா, உப்பா இருக்குன்னு காட்டுற ஒரு அளவு இருக்கு, கடல் தண்ணி அதுல மூணு, மூணரை காட்டும், காயக் காய ஏறி 25 டிகிரி கிட்ட வரும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30 டிகிரியத் தாண்டி விட்டா கசப்பு உப்பெல்லாம் சேர்ந்து படிஞ்சு தரம் கெட்டுடும், அதனால அதுக்குள்ள மிச்சத் தண்ணிய வெளிய விட்டுடணும். படிஞ்ச உப்பை நீளக் கம்பு வெச்ச மரப்பலகையால வாரி வரப்புல ஏத்தி, தண்ணி வடிஞ்சதும் கொண்டுபோய் அம்பாரமா குவிப்பாங்க. தை, மாசில ஆரம்பிச்சு புரட்டாசி வரைக்கும் சீசன், ஐப்பசில வடகிழக்குப் பருவமழை வந்தா வேலை நின்னுடும்.

சரி, உற்பத்திக் காரணின்னா என்ன? மூலப்பொருளும் காரணியா?

ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்க எதோட சேவை தேவைப்படுதோ அது காரணி. இங்க சேவைங்கிறதுதான் முக்கியம். அளத்து மண்ணு உப்புக்குள்ள கலந்து போறதில்ல, வேலை பாக்குற அம்மா உப்பா மாறுறதில்ல, மோட்டாரும் அப்படியேதான் இருக்கு, மூணும் தன்னோட சேவையக் குடுத்துட்டு அடுத்த வாரமும் அங்கயே இருக்கும். மூலப்பொருள் அப்படி இல்ல, ஒரு தடவை போட்டா தீர்ந்துடும். டீசல், சாக்கு, வெளில இருந்து வாங்குற கரண்ட் எல்லாம் உள்ளீடு, ஆனா அதுக்கும் பின்னாடி போய்ப் பார்த்தா எங்கயோ ஒரு நிலம், ஒரு உழைப்பு, ஒரு மூலதனம்தான் இருக்கும். அதனாலதான் நாலே நாலு தலைப்புக்குள்ள எல்லாத்தையும் அடக்க முடியுது.

யாரு நாலுன்னு முடிவு பண்ணது?

பழைய பொருளாதார அறிஞர்கள் மூணுதான் சொன்னாங்க, நிலம், உழைப்பு, மூலதனம். அவங்க காலத்து இங்கிலாந்து சமுதாயமும் அப்படித்தான் பிரிஞ்சு கிடந்தது, நிலம் வெச்சிருக்கிற பிரபு, கூலிக்காரங்க, முதல் போடுறவங்கன்னு. ஆல்ஃப்ரட் மார்ஷல்ங்கிற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1890-ல எழுதின புத்தகத்துல அமைப்புங்கிறதையும் சேர்த்துப் பேசினாரு, அதுக்கப்புறம் பாடப்புத்தகம் எல்லாத்துலயும் நாலாயிடுச்சு. நாலுக்கும் கிடைக்கிற வருமானம் முறையே வாரம் (நிலத்துக்குக் குடுக்கிற வாடகை), கூலி, வட்டி, லாபம். இந்தப் பிரிவு இயற்கை விதி ஒண்ணும் இல்ல, மனுஷங்க வசதிக்காக போட்டுக்கிட்ட பாகுபாடு, அதனால எல்லைக்கோட்டுல நிக்கிற கேஸ் நிறைய வரும், கீழ ஒண்ணு சொல்றேன்.

நிலம்னா மண்ணு மட்டுமா?

இல்ல. மனுஷன் கை படாம இயற்கை குடுத்த எல்லாமே இந்தக் கணக்குல நிலம்தான். அளத்துல களிமண் தரை நிலம், கீழ இருக்கிற உப்புத்தண்ணி நிலம், வெயில் நிலம், கடல் காத்தும் நிலம். இதுல வெயிலும் காத்தும் இல்லன்னா மண்ணு மட்டும் இருந்து ஒரு பிடி உப்பு வராது. கேரளாவுலயும் கடல் இருக்கு, ஆனா அங்க மழையும் ஈரக்காத்தும் ஜாஸ்தி, தூத்துக்குடில வருஷத்துல பெரும்பகுதி காய்ஞ்ச வெயில். ரெண்டுக்கும் வித்தியாசம் முழுக்க இந்த அர்த்தத்துல சொல்ற "நிலம்"தான்.

நிலத்தோட இயல்புகள் என்னென்ன?

முதல்ல, அது இயற்கையோட கொடை, யாரும் செலவு பண்ணி உண்டாக்கல. ரெண்டாவது, அதோட மொத்த அளவு மாறாது, விலை பத்து மடங்கு ஏறினாலும் பூமி ஒரு சென்ட் கூட கூடுதலா குடுக்காது. வேற எந்தக் காரணிக்கும் இந்த குணம் இவ்வளவு கறாரா கிடையாது. மூணாவது, இடம் மாறாது, தூத்துக்குடி அளத்த எடுத்துட்டுப் போய் கோயம்புத்தூர்ல வைக்க முடியாது. ஆனா ஒரு உபயோகத்துல இருந்து இன்னொரு உபயோகத்துக்கு மாத்தலாம், நேத்து உப்பளமா இருந்த இடத்துல இன்னைக்கு குடோன் நிக்கும். ஒருதடவை காங்கிரீட் போட்ட இடத்தைத் திரும்ப அளமாக்குறது மட்டும் நடக்கிற காரியம் இல்ல.

நாலாவது, ஒரு நிலம் மாதிரி இன்னொரு நிலம் இருக்காது. பக்கத்து பக்கத்து அளத்துலயே ஒண்ணுல களிமண் இறுக்கமா இருந்து தண்ணி கீழ இறங்காது, இன்னொண்ணுல மணல் கலந்து உறிஞ்சிடும். ஒரு போர்ல வர்ற தண்ணி ஆரம்பத்துலயே டிகிரி அதிகமா இருக்கும், அவங்களுக்கு சீக்கிரமே உப்பு விளைஞ்சிடும், இன்னொருத்தர் அதே உப்புக்கு கூட பல நாள் காயவிடணும். ரோட்டோரமா இருந்தா லாரி நேரா அம்பாரத்துக்கிட்ட வந்துடும், உள்ள தள்ளி இருந்தா சுமக்குற கூலி தனி. இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க, வாரம்ங்கிற விஷயமே இதுல இருந்துதான் பிறக்குது.

அஞ்சாவது, நிலம் செயலற்ற காரணி, அதுவா எதுவும் பண்ணாது. அழியாததுன்னும் புக்குல இருக்கும், அதை நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன். பரப்பு அழியாது, சரி. ஆனா நிலத்தடி தண்ணிய வரம்பில்லாம இறைச்சா உப்பு ஊருக்குள்ள ஏறி குடிதண்ணி கெடும், சாயக்கழிவு விட்டா ஆத்தங்கரை வயல் விளையாது. நொய்யல் ஆத்துல அதான் நடந்துச்சு, திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவால ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி பாசனத்துக்கே ஆகாம போச்சு, கடைசில 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. நிலம் அழியாதுன்னு எழுதினவங்க காலத்துல இப்படி ஒரு சாயக்கழிவு அவங்க கணக்குல இல்ல.

நெதர்லாந்துல கடலைத் தள்ளிட்டு நிலம் உண்டாக்குறாங்களே, அப்ப அளவு மாறாதுங்கிறது தப்பா?

நல்ல கேள்வி. அங்க ஃப்ளெவோலாண்ட்னு ஒரு மாகாணமே கிட்டத்தட்ட முழுசா கடலடியில இருந்து எடுத்ததுதான், 1986-ல தனி மாகாணமாச்சு. நம்ம பக்கத்துல கேரளாவோட குட்டநாட்டுல கடல்மட்டத்துக்குக் கீழ நெல்லு போடுறாங்க. ஆனா அங்க கூடினது என்னன்னு பாருங்க, கரை கட்டி, பம்ப் வெச்சு, இன்னைக்கும் தண்ணிய இறைச்சுக்கிட்டே இருந்தாதான் அது நிலமா நிக்கும். அதாவது ஏற்கனவே இருந்த கடலடிப் பரப்பு மேல மனுஷன் மூலதனத்தைக் கொட்டியிருக்கான். பூமியோட பரப்பு கூடல, உபயோகப்படுற பரப்பு கூடியிருக்கு. பரீட்சைல "மொத்த அளிப்பு நிலையானது, ஒரு குறிப்பிட்ட உபயோகத்துக்கான அளிப்பு மாறக்கூடியது"ன்னு எழுதுங்க, சரியா இருக்கும் (அளிப்புன்னா சப்ளை).

சும்மா கிடைச்ச கொடைக்கு எதுக்கு வாரம் குடுக்கணும்?

டேவிட் ரிக்கார்டோங்கிற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1817-ல இதத்தான் எடுத்துப் பேசினாரு. அப்ப இங்கிலாந்துல தானிய விலை பெரிய சண்டை, நிலக்காரங்க வாரத்தை ஏத்துறதாலதான் தானியம் விலை ஏறுதுன்னு ஜனங்க நினைச்சாங்க. ரிக்கார்டோ நேர்மாறா சொன்னாரு, தானியம் விலை ஏறினதாலதான் வாரம் ஏறுது. எப்படின்னா, விலை ஏறும்போது அதுவரைக்கும் கட்டுப்படியாகாத மட்டமான நிலத்துலயும் பயிர் பண்ண ஆரம்பிப்பாங்க. மட்டமான நிலத்துல செலவும் வரவும் சரியாப் போயிடும், நல்ல நிலத்துல அதே செலவுக்கு கூட விளையும், அந்த வித்தியாசம் நிலக்காரருக்குப் போகும்.

அளத்துல வெச்சுப் பாருங்க. ஒரு டன் உப்பு எடுக்க ஒரு அளத்துல 800 ரூபாய் ஆகுது, உள்ள தள்ளி இருக்கிற இன்னொரு அளத்துல 1,100 ஆகுதுன்னு வெச்சுக்குவோம், சந்தை விலை 1,100. ரெண்டாவது அளக்காரருக்கு கைக்கும் வாய்க்கும் சரி. முதல் அளத்தைக் குத்தகைக்கு எடுக்க டன்னுக்கு 300 ரூபாய் வரைக்கும் தர ஆள் வருவாங்க. அந்த 300-ஐ நிலத்துக்காரர் உழைச்சு சம்பாதிக்கல, மண்ணும் தண்ணியும் இருக்கிற இடமும் குடுத்தது. (இந்த எண்ணெல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்டது, சந்தை விலை இல்ல.)

உழைப்புன்னா எதையெல்லாம் சேர்க்கணும்?

வருமானம் எதிர்பார்த்து செய்ற உடல் வேலை, மூளை வேலை ரெண்டும். உப்பு வாருறவங்க, டிகிரி பார்த்து எந்த மடை திறக்கணும்னு சொல்றவரு, கணக்கப்பிள்ளை, எல்லாம் உழைப்பு. வீட்டுல அம்மா சமைக்கிறது பாடப்புத்தக விளக்கத்துல வராது, அதே சமையலை ஹோட்டல்ல சம்பளத்துக்கு செஞ்சா வரும். இது இந்த விளக்கத்தோட குறைதான். காலைல மூணு மணிக்கு எழுந்து பிள்ளைங்களுக்குப் பொங்கி வெச்சுட்டு அளத்துக்குப் போற அம்மாவுக்கு முதல் வேலை கணக்குல இல்ல, ரெண்டாவது வேலை மட்டும் கணக்குல இருக்கு, ஆனா முதல் வேலை இல்லாம ரெண்டாவது நடக்காது.

உழைப்போட இயல்புன்னு ஒரு லிஸ்ட் இருக்கே, அதுல எது முக்கியம்?

லிஸ்ட்ல இருக்கிறது: உழைப்பாளிகிட்ட இருந்து பிரிக்க முடியாது, சேர்த்து வைக்க முடியாது, பேரம் பேசும் சக்தி கம்மி, இடம்பெயர்றது கஷ்டம், ஆளுக்கு ஆள் திறமை வேற, அளிப்பு உடனே கூடாது. எல்லாரும் இதை ஆறு தனி பாயிண்ட்டா எழுதுறாங்க. என்னைக் கேட்டா முதல் ரெண்டும்தான் வேரு, மிச்சமெல்லாம் அதுல இருந்து கிளம்புது.

முதல்ல பிரிக்க முடியாததை எடுத்துக்குவோம். அளத்துக்காரர் மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு தன் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம், மோட்டாரை வாடகைக்கு அனுப்பலாம், பணத்தை பேங்க்ல போடலாம், இதுல எதுக்கும் அவர் கூடவே போகத் தேவையில்ல. உழைப்பை விக்கிறவங்க உழைப்போட தானும் போயாகணும். உப்புக்கு நல்ல வெயில் வேணும், அந்த வெயில்லதான் அவங்களும் நிக்கணும். சூரியன் ஏறுறதுக்கு முன்னாடியே வேலைய ஆரம்பிக்கிறது அதனாலதான். வெள்ளை வெளேர்னு கிடக்கிற உப்புல இருந்து வெளிச்சம் திருப்பி அடிச்சு கண்ணு போகும், உப்புத்தண்ணியில நின்னு நின்னு கால்ல வெடிப்பு வரும், ஒரு சின்ன காயம் பட்டா ஆறாது. இந்த வேலைக்கு முட்டி வரைக்கும் பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, நிழல்ல உக்கார ஒரு ஷெட், கழிப்பறை எல்லாம் ஏன் கேக்குறாங்கன்னா உழைப்புங்கிற சரக்கு ஒரு உடம்போட ஒட்டிக்கிட்டு வருது. தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு தனியா இருக்கிறதுக்கு காரணமும் இதான், மூலதன நலச்சட்டம்னு எங்கயும் கிடையாது பாருங்க.

ரெண்டாவது, சேர்த்து வைக்க முடியாதது. உப்புக்கு விலை இல்லையா, அளத்துக்காரர் அம்பாரத்து மேல ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி வெச்சுட்டு விலை ஏறுற வரைக்கும் காத்திருக்கலாம், அந்த உப்பு எங்கயும் போயிடாது. அதே உப்பை வாரினவங்களுக்கு அந்த வசதி கிடையாது. இன்னைக்கு கூலி கட்டுப்படியாகலன்னு வீட்டுல இருந்தா, இன்னைக்கு நாளோட உழைப்பு சாயங்காலத்தோட போச்சு, நாளைக்கு ரெண்டு நாள் வேலைய சேர்த்து விக்க முடியாது. ஒரு பக்கம் காத்திருக்க முடிஞ்சவரு, இன்னொரு பக்கம் காத்திருக்கவே முடியாதவங்க, ரெண்டு பேரும் கூலி பேசினா யாரு இறங்கிப் போவாங்க? பேரம் பேசும் சக்தி கம்மிங்கிற பாயிண்ட் இதுதான், அது தொழிலாளியோட குணக்குறை இல்ல. சங்கம் வெச்சு ஒண்ணா பேசுறது இந்தக் குறையைத்தான் கொஞ்சம் ஈடுகட்டுது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி இன்னும் மோசம். மழையில அளம் முழுகிக் கிடக்கும், வேலையே இல்ல. மூணு மாச உழைப்பும் வீணாப் போகுது, ஆனா மூணு மாசமும் பசிக்கும். சீசன் கூலிய முன்கூட்டியே கடனா வாங்கி சாப்பிட்டு, சீசன் வந்ததும் கழிக்கிற வழக்கம் இப்படி வந்ததுதான். தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமா 5,000 ரூபாய் குடுக்கிறதும் இந்த மாசங்களுக்காகத்தான். மூணு மாசத்துக்கு அது எந்த மூலைக்குன்னு கேக்கலாம், கேக்கவும் வேணும்.

கூலி ஏத்தினா உழைப்பு கூடத்தானே செய்யும்?

ஒரு அளவு வரைக்கும் கூடும். அதுக்கு மேல போனா சில பேர் வேலை நேரத்தைக் குறைச்சுக்குவாங்க, ஏன்னா வேண்டிய வருமானம் கம்மி நேரத்துலயே வந்துடுது, மிச்ச நேரம் ஓய்வும் குடும்பமும் வேணும்னு தோணும். வரைபடத்துல உழைப்போட அளிப்புக் கோடு மேல போய் பின்னாடி வளையிறது இதனாலதான். உப்பளக் கூலிக்கு இந்த வளைவு பொருந்துற நிலைமை இன்னும் வரல. இதைச் சோம்பேறித்தனம்னு எழுதின ஒரு விடைத்தாளைத் திருத்தியிருக்கேன், தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க.

மூலதனம்னா பணம்தானே?

இல்ல. இதுலதான் நிறைய பேர் மார்க்கை விடுறாங்க. மூலதனம்னா மனுஷன் உண்டாக்கின, மேற்கொண்டு உற்பத்திக்கு உதவுற பொருள். மோட்டார், பைப், மரப்பலகை, லாரி, டிகிரி பாக்குற மீட்டர் இதெல்லாம் மூலதனம். பீரோவுல இருக்கிற அஞ்சு லட்சம் ஒரு கல்லு உப்பைக் கூட விளைவிக்காது, அதை மோட்டாரா மாத்தினாதான் விளைவிக்கும். பேச்சுவழக்குல "முதல் போட்டேன்"னு சொல்றது பணத்தைத்தான், அது வியாபாரக் கணக்குக்கு சரி, ஆனா நாடு முழுக்க சேர்த்து யோசிச்சா நோட்டு அடிச்சு எல்லாரும் பணக்காரங்க ஆக முடியாதுங்கிறது புரியும்.

அதே மாதிரி ஒரு பொருள் மூலதனமா இல்லையாங்கிறது அது என்ன வேலை பாக்குதுங்கிறதப் பொறுத்தது. வீட்டுல கோயிலுக்குப் போக வெச்சிருக்கிற வேன் நுகர்வுப் பொருள், அதே வேன் உப்பு மூட்டை ஏத்தினா மூலதனம்.

மூலதனத்தோட இயல்பு?

மனுஷன் உண்டாக்கினது, அதனால வேணும்னா கூட்டிக்கலாம். கூட்டணும்னா இன்னைக்கு சாப்பிடுறதுல கொஞ்சத்தை நிறுத்தி சேமிக்கணும், அந்தத் தியாகத்துக்கும் காத்திருப்புக்கும்தான் வட்டின்னு பழைய ஆளுங்க விளக்கம். தேயும், உப்புக்காத்துல இரும்பு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும்னு கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு சொல்லவே வேணாம், அதனால தேய்மானம்னு வருஷா வருஷம் ஒதுக்கணும். எல்லாக் காரணியிலயும் ரொம்ப சுலபமா இடம் மாறுறது இதுதான், பணமா இருக்கும்போது ஒரு பட்டன் தட்டினா தூத்துக்குடில இருந்து குஜராத்துக்குப் போயிடும், மோட்டாரா மாறினதுக்கப்புறம் அவ்வளவு சுலபம் இல்ல, கிணத்துக்குள்ள இறக்கின பைப்பா மாறிட்டா அங்கயே கிடக்க வேண்டியதுதான். நிலையான மூலதனம், நடைமுறை மூலதனம்னு பிரிக்கிறதுல மோட்டார் முதல் ரகம், மேல உள்ளீடுன்னு சொன்ன டீசலையும் சாக்கையும் ஒரு தடவைல தீர்ந்துடுறதால இந்தப் பிரிவுல ரெண்டாவது ரகமா வைப்பாங்க.

பாத்தியும் வரப்பும் நிலமா மூலதனமா?

மேல எல்லைக்கோட்டு கேஸ்னு சொன்னேன்ல, இதான். சீசன் ஆரம்பத்துல மழையில சிதைஞ்ச பாத்தியில சகதிய அள்ளி வெளிய போட்டு, தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு இறுக்குவாங்க, தண்ணி கீழ இறங்காம இருக்கணும், உப்பு வாரும்போது மண்ணு கலந்து வரக்கூடாது. வரப்பை மறுபடி கட்டுவாங்க. உப்பு ஒரு கிலோ கூட வராத வாரங்கள்ல இந்த வேலை நடக்கும். இப்படித் தயாரான பாத்தி இயற்கையோட கொடை இல்ல, உழைப்பு உறைஞ்சு போய் மூலதனமா நிக்குது. அடுத்த மழைல அதுல பாதி கரைஞ்சுடும், அது தேய்மானம்.

ஆனா பாத்திய அதுக்குக் கீழ இருக்கிற களிமண்ணுல இருந்து உரிச்சு எடுக்க முடியாது. அதனால தயாரான அளத்துக்கு ஒருத்தர் குடுக்கிற குத்தகையில ஒரு பகுதி சுத்தமான வாரம், இன்னொரு பகுதி மூலதனத்துக்கான வருமானம். வீட்டு வாடகையும் அப்படித்தான், மனைக்கு ஒரு பங்கு, கட்டடத்துக்கு ஒரு பங்கு. பாடத்துல வாரம்னு சொல்றது முதல் பகுதியை மட்டும்.

அமைப்பு, தொழில்முனைவோர்னு சொல்றாங்களே, அது மேனேஜர்தானா?

மேனேஜர் சம்பளம் வாங்குறவரு, அவரு வேலை உழைப்புக் கணக்குல போகும். மூணு காரணியையும் ஒண்ணு சேர்க்கிறதும் வேலையப் பிரிச்சுக் குடுக்கிறதும் அமைப்பு. வேலைய ஒழுங்கா பிரிச்சாலே எவ்வளவு கூடும்னு ஆடம் ஸ்மித்ங்கிற பொருளாதார அறிஞர் 1776-ல குண்டூசி செய்ற பட்டறைய வெச்சு சொன்னாரு, பத்து பேர் வேலைய பங்கு போட்டு செஞ்சா ஒரு நாளைக்கு 48,000 ஊசி, தனித்தனியா செஞ்சா ஆளுக்கு இருபது கூட வராது.

தொழில்முனைவோருக்கு இன்னொரு வேலை இருக்கு, என்ன ஆகும்னு தெரியாததைத் தலைல ஏத்துக்கிறது. கூலியும் வட்டியும் குத்தகையும் முன்னாடியே பேசி முடிச்சுடுவாங்க, எல்லாருக்கும் குடுத்தது போக மிச்சம் இருந்தா லாபம், இல்லன்னா நட்டம். ஃப்ராங்க் நைட்னு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1921-ல இதுல ஒரு நல்ல பிரிவு காட்டினாரு. ஆபத்துன்னா கணக்குப் போட முடிஞ்சது, லாரி விபத்து மாதிரி, அதுக்கு இன்சூரன்ஸ் எடுத்துடலாம். நிச்சயமின்மைன்னா கணக்கே போட முடியாதது, லாபம் இதை ஏத்துக்கிறதுக்கான கூலி.

2023 டிசம்பர் 17, 18-ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பெஞ்ச மழைய யாரும் மறந்திருக்க மாட்டீங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர். டிசம்பர்ல மழை வரும்னு எல்லா அளத்துக்காரருக்கும் தெரியும், அது ஆபத்து, அதுக்குத்தான் அம்பாரத்தை மேடா குவிச்சு மூடி வைக்கிறது. ஆனா ஒரு வருஷ மழைய ஒரே நாள்ல கொட்டும்னு எந்தக் கணக்குலயும் இல்ல. மூடி வெச்ச உப்பும் கரைஞ்சு போச்சு, வரப்பு உடைஞ்சு பாத்தியெல்லாம் சகதியாச்சு. நைட் சொன்ன வித்தியாசத்துக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது. இதுல ஒண்ணையும் சேர்த்து சொல்லணும், நட்டத்தை ஏத்துக்கிறது முதலாளி மட்டும்னு புக்குல இருக்கும், ஆனா அந்த மழைக்கப்புறம் அளத்தைச் சரி பண்ற வரைக்கும் உப்பு வார்ற வேலை இல்லாம இருந்தவங்களும் அதே நிச்சயமின்மைல பங்கு எடுத்தவங்கதான், லாபத்துல மட்டும் பங்கு கிடையாது.

ஒரு காரணிக்குப் பதிலா இன்னொண்ணைப் போட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். குஜராத்ல பெரிய பெரிய உப்பு வயல்கள்ல மெஷின் வெச்சு வாருறாங்க, தூத்துக்குடில சின்னப் பாத்தி, பெரும்பாலும் கையாலதான். மெஷின் ஓடணும்னா பாத்தி பெருசா இருக்கணும், தரை எடையைத் தாங்கணும், அதுக்கு முதல் போட ஆள் வேணும். ஆக, மூலதனத்தை உழைப்புக்குப் பதிலா வைக்கிறதுக்கும் நிலம் ஒத்துழைக்கணும்.

முழுசா மாத்தவே முடியாது. ஒரு அளத்துல நாலு பேர் இடத்துல எட்டு பேரைப் போட்டா உப்பு ரெட்டிப்பாகுமா? ஆகாது, ஏன்னா தண்ணி காயுற வேகத்தை வெயிலும் பரப்பும் தீர்மானிக்குது, ஆள் இல்ல. அஞ்சாவது ஆளால கொஞ்சம் வேகமா வாரி முடிக்கலாம், ஏழாவது ஆளுக்கு வார உப்பே இருக்காது. குறைந்து செல் விளைவு விதின்னு படிக்கிறது இதுதான். நிலத்தை அப்படியே வெச்சுட்டு மத்தத மட்டும் கூட்டிக்கிட்டே போனா, ஒரு கட்டத்துக்கு மேல ஒவ்வொரு கூடுதல் ஆளும் சேர்க்கிற உற்பத்தி குறைஞ்சுக்கிட்டே வரும்.

காரணிக்கான தேவை எதைப் பொறுத்தது?

பொருளுக்கான தேவையப் பொறுத்தது, அதனாலதான் பெறப்பட்ட தேவைன்னு பேரு. உப்புல பெரும்பங்கு சாப்பாட்டுக்குப் போகுதுன்னு நினைக்காதீங்க, சோடா ஆஷ், காஸ்டிக் சோடா தயாரிக்கிற ரசாயன ஆலைக்கும் நிறைய போகுது, மீன் பதப்படுத்த, தோல் பதனிட வேணும். அந்த ஆலைங்க ஆர்டர் குறைச்சா அளத்துல கூலி நாள் குறையும்.

படிப்பு, டெக்னாலஜி, டேட்டா இதெல்லாம் அஞ்சாவது காரணியா?

படிப்பை மனித மூலதனம்னு சொல்றாங்க, தியடோர் ஷுல்ட்ஸ்னு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதைப் பத்தி நிறைய எழுதினாரு, 1979-ல நோபல் பரிசு வாங்கினாரு. படிக்க முன்னாடியே செலவு பண்ணணும், வருமானம் பின்னாடி வரும், அந்த விதத்துல மூலதனம் மாதிரி. ஆனா ஆளைவிட்டுப் பிரிக்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, அந்த விதத்துல உழைப்பு. டெக்னாலஜிய நான் தனிக் காரணியா சேர்க்க மாட்டேன், அது நாலையும் எப்படிக் கலக்கிறதுங்கிற அறிவு. டேட்டா மனுஷன் சேகரிச்சது, உற்பத்திக்கு உதவுது, அதனால மூலதனத்துலயே அடங்கும்னு என் கருத்து, வேற மாதிரி வாதாடுறவங்களும் இருக்காங்க.

சொந்த அளத்துல குடும்பமா வேலை பாக்குறவருக்கு கிடைக்கிறது முழுக்க லாபமா?

இல்ல, சின்ன அளத்துக்காரங்க ஏமாந்து போற இடம் இது. ஒருத்தர் சீசன் முடிஞ்சு செலவெல்லாம் போக 2 லட்சம் நின்னுச்சுன்னு சந்தோஷப்படுறாருன்னு வெச்சுக்குவோம். அவரும் அவர் வீட்டம்மாவும் வேற அளத்துக்குக் கூலிக்குப் போயிருந்தா சேர்ந்து 1,40,000 வந்திருக்கும். அந்த அளத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தா 50,000. போட்ட பணத்தை பேங்க்ல போட்டிருந்தா வட்டி 20,000. மூணையும் கூட்டினா 2,10,000. அப்ப அவருக்கு வந்த 2 லட்சத்துல கூலியும் வாரமும் வட்டியும்தான் இருக்கு, அதுலயே 10,000 குறையுது, லாபம்னு ஒரு பைசா இல்ல. ஒருவேளை சொந்த இடத்துல யாருக்கும் கைகட்டாம வேலை பாக்குறதுக்கு அவர் அந்த 10,000-ஐ சந்தோஷமா விட்டுக் குடுக்கலாம், அது அவர் உரிமை, ஆனா தெரிஞ்சு விட்டுக் குடுக்கணும். இப்படி கையில இருந்து குடுக்காத, ஆனா சொந்த உழைப்பு, நிலம், பணத்துக்கு வந்திருக்க வேண்டியதைத்தான் உட்கிடை செலவுன்னு சொல்றாங்க, பரீட்சைல "உட்கிடை செலவு"ன்னு ரெண்டு மார்க் கேள்வி வந்தா இந்தக் கணக்கையே எண்ணை மாத்திப் போட்டு எழுதலாம்.